முன் ஹோலுக்கு என்ன நிறம்?



சென்ற மாதம் குசினிப் புகையைப் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டுப் பாண்டிருப்பிலிருந்து ஒரு சகோதரி கேட்டது இது: "குசினியப் பத்தி எழுதினீங்க, சரி. முன் ஹோலுக்கு என்ன நிறம் பூசிற எண்டு ஆரும் சொல்லித் தாறல்லையே. வந்து இருந்தா மனசு கொஞ்சம் ஆறுற மாதிரி ஒரு நிறம் சொல்லுங்க."

சிலர் இதைக் கேட்டுச் சிரிக்கக் கூடும். அரிசி விலையும் பிள்ளையின் ரியூசன் காசும் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போது சுவரின் நிறமா என்று நினைப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த கடல், இலங்கையிலேயே கூடுதலான உயிர்களைக் கொண்டுபோனது எங்கள் அம்பாறை மாவட்டத்தில்தான். 10,000க்கும் மேற்பட்டோர் போனார்கள். பின்னர் வீடுகள் வந்தன. குறைந்தது 500 சதுர அடி என்பது அன்று வகுக்கப்பட்ட அளவு. கிழக்குக் கரையில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்று 2005இல் சொன்னார்கள். பிறகு அந்தத் தூரம் குறைந்தது. மருதமுனையில் ‘65 மீற்றர்’ என்பதே பெயராகிப் போன வீட்டுத்திட்டம் ஒன்று இருக்கிறது. இப்படிக் கட்டிய வீடுகளில் எத்தனை வீட்டுக்கு, வீட்டுக்காரியிடம் கேட்டு நிறம் பூசினார்கள்? நான் போய்வந்த திட்டங்களில் வரிசைக்கு வரிசை ஒரே நிறம்தான். தந்தவர்களுக்குப் பிடித்த நிறம், அல்லது அன்றைக்கு மலிவாகக் கிடைத்த நிறம்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் கரையில் வீடு என்பது பெண்ணுடையது. தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் வீட்டை மகளுக்குத்தான் கொடுப்பார்கள், மாப்பிள்ளைதான் அங்கு வந்து குடியிருப்பார். சுனாமிக்குப் பின் ‘குடும்பத் தலைவர்’ என்ற இடத்தில் கணவரின் பெயரை எழுதி, உறுதியையும் அவர் பெயரிலேயே கொடுத்த இடங்கள் பல. தாய் வழியாக வந்த காணியைக் கடலோரம் விட்டுவிட்டு வந்தவள், புது வீட்டில் தன் பெயர் இல்லாமல் குடியேறினாள். அப்படிப்பட்டவள் இத்தனை வருடம் கழித்து "என் ஹோலுக்கு நான் நிறம் தெரிவு செய்யப் போகிறேன்" என்று சொன்னால், அதைச் சின்ன விடயம் என்று நான் எடுக்க மாட்டேன். (உறுதியில் உங்கள் பெயர் இருக்கிறதா என்பதையும் இந்தச் சாட்டோடு எடுத்துப் பாருங்கள்.)

ஹோல் என்று சொல்கிறோமே தவிர அது எங்களுக்கு எத்தனை அறை? பகலில் தையல் மெசின் அங்கேதான். பின்னேரம் பிள்ளைகளின் படிப்பு மேசை. சீட்டுக் கூட்டம் அங்கே. கிராம சேவகர் வந்தால் இருக்கச் சொல்வதும் அங்கே. இரவில் பாயை விரித்தால் படுக்கையறை. ஆகவே புத்தகங்களில் படம் போட்டிருக்கும் ‘வரவேற்பறை’ யோசனைகள் எங்களுக்கு அரைவாசிதான் பொருந்தும். சோபாவுக்குப் பொருத்தமான குசன் நிறம் என்று ஆரம்பிப்பார்கள். எங்களில் பலருக்குப் பிளாஸ்ரிக் கதிரை நாலும் ஒரு வாங்கும்தான்.

பெயின்ற் கடையில் நிற அட்டை தருவார்கள். அமைதியான நிறங்கள் என்று அதில் ஒரு பக்கமே இருக்கும், பெயர்கள் எல்லாம் வெளிநாட்டுப் பெயர்கள். அதை மடித்து வைத்துவிட்டு ஊருக்குள் ஒரு சுற்று நடந்து பாருங்கள். காய்ந்த கடல் மணல், அலை நனைத்த மணல், நெல் உமி, வடித்த கஞ்சி, காய்ந்த தென்னோலை, பழைய பன்பாய், தேங்காய்த் தும்பு, அடுப்புச் சாம்பல். அட்டையில் உள்ள அமைதியான நிறங்கள் எல்லாம் இவைதான். ஒன்றோடு ஒன்று சண்டை போடாத நிறங்கள். சுவருக்கு வெளிறிய மணல் நிறம், திரைச்சீலைக்கும் பாய்க்கும் உமி நிறம், கதவுக்கும் வாங்குக்கும் தும்பு நிறம் என்று எடுத்தால் எந்தக் கண்ணையும் உறுத்தாது. பிறகு பளிச்சென்று ஒரே ஒரு பொருள் வையுங்கள். ஒரு செம்பருத்திக் கிளை போதும்.

மஞ்சளும் சிவப்பும் எங்களுக்குப் பகையான நிறங்கள் அல்ல. புரட்டாசியில் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் 18 நாள் சடங்கு நடந்து தீமிதிப்பு வரும்போது, அந்த மஞ்சளும் சிவப்பும் இல்லாவிட்டால் அது திருவிழாவே இல்லை. கோயிலுக்கு அது வேண்டும். இரவு பத்து மணிக்குத் தையல் மெசினை விட்டு எழும்புகிற கண்ணுக்கு எது வேண்டும் என்பதுதான் இங்கே கேள்வி.

அப்படியானால் வெறும் வெள்ளை பூசினால் என்ன என்று கேட்பீர்கள். இரண்டு காரணத்துக்காக நான் தயங்குவேன். ஒன்று வெளிச்சம். கடற்கரை வெயில் மணலில் பட்டு உள்ளே வருகிறது. கிழக்குப் பார்த்த ஹோலில் காலை எட்டு மணிக்கு வெறும் வெள்ளைச் சுவரைப் பார்க்கக் கண் கூசும். இரண்டாவது காரணம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு அம்மாவிடம் வெள்ளை அடிப்போமா என்று கேட்டேன். "புள்ள, முப்பது வருசமா வெள்ளைச் சீலை உடுத்தித் திரியிறன். சுவருக்கும் வெள்ளை உடுத்திப் பாக்கச் சொல்றியா?" என்றார். அவருடைய வீட்டுக்கு இளம் சந்தன நிறம் பூசினோம். வெள்ளை பிடித்தவர்கள் தாராளமாகப் பூசுங்கள். ஆனால் புருசன் இல்லாத வீடு என்றால் சாயம் இல்லாமல்தான் இருக்க வேண்டும் என்று அயலார் சொல்வதற்காகப் பூசாதீர்கள். அமைதியான நிறம் வேறு, துக்க நிறம் வேறு. சாம்பல் நிறத்தை விரும்பும் ஒரு பெண்ணிடம் "ஏன் இப்படிச் சோகமாப் பூசிற?" என்று கேட்பதும் அதே மாதிரியான தலையீடுதான்.

நிறம் மனநோயைத் தீர்க்கும் என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கடற்படைத் தடுப்பு அறை ஒன்றுக்கு 1979இல் ஒருவகை இளஞ்சிவப்பு பூசி, கைதிகளின் கோபம் தணிந்ததென்றார்கள். அதைக் கேட்டு வேறு சிறைகளிலும் பூசினார்கள். பின்னர் சுவிற்சர்லாந்துச் சிறையில் ஒழுங்காகச் சோதித்துப் பார்த்து 2015இல் வெளியிட்ட ஆய்வில் அப்படி ஒரு பலனும் தெரியவில்லை. நித்திரை இல்லாவிட்டால், படபடப்பு விடாவிட்டால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். பெயின்ற் கடைக்கு அல்ல. ஆனாலும் ஒரு நிறம் ஒருவருக்கு எதையாவது ஞாபகப்படுத்தினால் அது அவருக்கு உண்மை. கடும் சிவப்பைப் பார்க்க முடியாது என்று சொல்லும் பெண்களை எனக்குத் தெரியும். யூனிபோம் பச்சையைப் பார்க்க முடியாதவர்களும் உண்டு. காரணம் கேட்காமல் அந்த நிறத்தை விட்டுவிடுங்கள். கதிரையை எப்படிப் போடுவது என்பதிலும் இதே கதைதான். வாசலுக்கு முதுகு காட்டி இருக்க முடியாதவருக்கு, சுவரில் முதுகைச் சாய்த்து வாசலைப் பார்க்கிற மாதிரிக் கதிரையைப் போட்டுக் கொடுங்கள். எந்த நிறத்தை விடவும் அது உதவும்.

நிறத்தைத் தெரிவு செய்யும் முறை ஒன்று சொல்கிறேன். சிறிய டின் ஒன்று வாங்கி, சுவரில் இரண்டடிக்கு இரண்டடி பூசி மூன்று நாள் விடுங்கள். காலையிலும் மத்தியானத்திலும் இரவு பல்ப் வெளிச்சத்திலும் பாருங்கள். பகலில் மணல் நிறமாக இருப்பது, வெள்ளை வெளிச்சம் தரும் பல்ப்பின் கீழ் செத்துப்போன சாம்பலாகத் தெரியலாம். மஞ்சள் வெளிச்சப் பல்ப்பின் கீழ் அதே சுவர் சந்தனமாகும். சில வேளை சுவரை மாற்றத் தேவையில்லை, பல்ப்பை மாற்றினால் சரி. ஆனால் தைக்கிற இடத்துக்கும் படிக்கிற இடத்துக்கும் வெள்ளை வெளிச்சம்தான் நல்லது. வெயில் குறைந்த, முன்னால் விறாந்தை மறைத்த ஹோலுக்குச் சாம்பல் வேண்டாம், மஞ்சள் கலந்த வெளிறிய நிறம் எடுங்கள்.

இனிச் சுவர். பாண்டிருப்பில் யாரைக் கேட்டாலும் சொல்லும் முறைப்பாடு, "பூசி ஒரு வருசத்தில அடி உரியுது" என்பதுதான். அது பெயின்றின் குற்றம் மட்டும் அல்ல. நிலத்து உவர் நீர் சுவருக்குள் ஏறுகிறது. கட்டும்போது கடல் மணல் கலந்திருந்தால் உப்பு உள்ளேயே இருக்கிறது. தண்ணீர் காய உப்பு வெளியே வந்து பூக்கும், பூக்கும்போது பெயின்றைத் தள்ளிக்கொண்டு வரும். அந்த உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது, கழுவினால் திரும்பக் கரைந்து உள்ளேதான் போகும். காய்ந்த தூரிகையால் தட்டிக் கூட்டி அள்ளுங்கள். அதன் மேல் பிளாஸ்ரிக் மாதிரி இறுகும் பெயின்றைப் பூசினால் மறுபடியும் உரியும். அந்த மாதிரிச் சுவருக்கு எங்கள் பழைய சுண்ணாம்பே மேல். அது சுவரை மூச்சுவிட விடும். பூஞ்சணமும் எளிதில் பிடியாது, விலையும் குறைவு.

ஒரு காலத்தில் கடலிலிருந்து முருகைக் கல் எடுத்துச் சுட்டுத்தான் சுண்ணாம்பு செய்தார்கள். இப்போது அது சட்டப்படி குற்றம். அந்தத் தடை எவ்வளவு நியாயமானது என்பதைச் சுனாமியில் தெற்குக் கரை கண்டது. முருகைக் கல்லை அள்ளித் தீர்த்திருந்த பெரலியப் பக்கம் கடல் வெகுதூரம் உள்ளே வந்தது. கல் மிஞ்சியிருந்த ஹிக்கடுவையில் அந்த அளவுக்கு வரவில்லை. எங்களுக்கு மூட்டையில் வரும் சுண்ணாம்புத் தூள் போதும்.

முதல் நாள் இரவே ஊறவைத்து, பழைய சீலைத் துணியால் வடித்து, பால் பதத்தில் கரையுங்கள். கையில் ஒட்டாமல் இருக்கக் கொஞ்சம் பசையோ கஞ்சியோ சேர்ப்பார்கள். மணல் நிறம் வேண்டுமானால் நிலத்துக்குப் போடும் மஞ்சள் ஒக்சைட் தூள் ஒரு பிடி, சந்தனச் சாயல் வேண்டுமானால் அதோடு ஒரு சிட்டிகை சிவப்பு. சமையல் மஞ்சளைக் கரைத்து விடாதீர்கள், சுண்ணாம்போடு சேர்ந்தால் ஆலாத்தித் தட்டுத் தண்ணீர் மாதிரிச் சிவந்துதான் போகும். ஈரத்தில் கடுமையாகத் தெரியும் நிறம் காய்ந்தால் நன்றாக வெளிறும் என்பதால் முதலில் ஒரு மூலையில் பூசிப் பாருங்கள். சுவரைத் தண்ணீர் தெளித்து நனைத்து, மெல்லியதாக மூன்று தடவை பூச வேண்டும். ஏற்கனவே பெயின்ற் பூசிய சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது, அதை நன்றாகச் சுரண்டிய பிறகுதான். கண்ணில் பட்டால் சுண்ணாம்பு மோசமானது. உடனே நல்ல தண்ணீரால் நெடுநேரம் கழுவிக்கொண்டே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பிள்ளைகளைப் பக்கத்தில் விட வேண்டாம்.

சுவரின் அடிப்பக்கம் மூன்றடி உயரத்துக்குக் கொஞ்சம் கடும் நிறம், ஈரமணல் மாதிரி, பூசிவிடுங்கள். பிள்ளைகளின் கை, சாய்ந்திருப்பவர்களின் தலை எண்ணெய், நிலம் துடைக்கும்போது தெறிக்கும் தண்ணீர் எல்லாம் அந்த உயரத்துக்குள்தான். அடுத்த முறை அந்தப் பட்டியை மட்டும் பூசினால் போதும்.

பழைய கதவு, ஜன்னலைத் தேய்த்துப் பூசும்போது கவனம். பழைய எனமல் பெயின்றில், முக்கியமாக மஞ்சள், சிவப்பு, பச்சையில், ஈயம் இருக்கலாம். இலங்கையில் பெயின்றில் ஈய அளவுக்கு 2013 ஜனவரியிலிருந்துதான் கட்டாய வரம்பு வந்தது. அதற்கு முந்தைய கதவைக் காய்ந்தபடி தேய்க்க வேண்டாம். நனைத்துத் தேய்த்து, தூளை ஈரத் துணியால் எடுத்துவிடுங்கள். கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் அன்று வேறு வீட்டில் இருக்கட்டும். ஈயம் பிள்ளைகளின் மூளையைத்தான் முதலில் தாக்கும். அஸ்பெஸ்ரஸ் கூரையின் உட்பக்கத்தையும் சுரண்டவோ கடும் தூரிகையால் தேய்க்கவோ கூடாது, அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு.

நிறத்தைப் பற்றிக் கேட்பவர்கள் துணியையும் பாயையும் பற்றிக் கேட்பதில்லை. எனக்கு அதுதான் கூடுதல் முக்கியமாகப் படுகிறது. சீமெந்து நிலம், சீமெந்துச் சுவர், மேலே தகரம் அல்லது ஷீற். இப்படி எல்லாப் பக்கமும் கடினமான அறையில் ஒரு சட்டி விழுந்தால் அந்தச் சத்தம் சுவருக்குச் சுவர் அடித்துக்கொண்டே இருக்கும். தெருவில் வெடி கொளுத்தினால் உள்ளே இரண்டு மடங்காகக் கேட்கும். சத்தத்துக்குத் திடுக்கிட்டு எழும்புகிற எங்களுக்கு இது சின்ன விடயமா? துணியும் பாயும் சத்தத்தைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். கனமான திரைச்சீலை, நிலத்தில் விரித்த பாய், வாங்கின் மேல் மடித்துப் போட்ட விரிப்பு என்று மூன்று இருந்தாலே அறையின் சத்தம் மாறிவிடும். கையைத் தட்டிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். வெளியே வெடிக்கிற சத்தத்தை அது நிறுத்தாது, உள்ளே எதிரொலிப்பதைக் குறைக்கும்.

இவற்றைத் தேடிக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. பாண்டிருப்பின் வடக்கு எல்லையைத் தாண்டினால் மருதமுனை. அங்குள்ள கைத்தறியைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? சாரனும் புடைவையும் நெய்கிற அதே தறியில் திரைச்சீலைத் துணியும் விரிப்பும் நெய்கிறார்கள். சுனாமியில் தறிகளும் நூலும் கடலோடு போன பிறகு திரும்பத் தொடங்கியவர்கள் அவர்கள். சாயம் குறைந்த, நூலின் இயற்கை நிறத்திலேயே நெய்த பருத்தித் துணி கேட்டு வாங்குங்கள். அந்த நெசவின் சின்னச் சின்ன முடிச்சுகளில் வெளிச்சம் விழும்போது ஒரே நிறத் துணியும் வெறுமையாகத் தெரியாது. பொலியெஸ்ரரின் பளபளப்பில் அது கிடைக்காது, வியர்வைக் காலத்தில் தொடவும் முடியாது. பன்பாய் பின்னுகிற கைகள் தமிழ் ஊரிலும் முஸ்லிம் ஊரிலும் இன்னமும் இருக்கின்றன. ஒருகாலம் ஊருக்கு ஊர் போகப் பயந்த எல்லையைத் தாண்டி, ஒரு ராத்தாவிடம் திரைச்சீலைக்கு விலை பேசிக்கொண்டிருப்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோசம் உண்டு. சாயமிடாத பாயில் பட்டுப்போல ஒரு மினுக்கம் இருக்கும், அதை எந்த ரைல்ஸும் தராது. மழைக் காலத்தில் அடிக்கடி வெயிலில் போடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

படங்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் ஹோல்களில் சுவரின் நடுவே ஒரு படம் இருக்கும். இறந்தவர் என்றால் மாலையும் விளக்கும். 1990 ஜூனில் கூட்டிக்கொண்டு போகப்பட்டவர், அதற்குப் பின் வராதவர் என்றால் மாலை இல்லை. மாலை போட்டால் முடிந்தது என்று ஆகிவிடும் என்று போடாமல் வைத்திருக்கிறார்கள். காணாமல் போனோர் அலுவலகம் 2018இல் வந்த பிறகும் பலருக்குப் பதில் வரவில்லை. ‘வீடு அமைதியாக இருக்க வேண்டுமானால் பழைய படங்களை எடுத்துவிடுங்கள்’ என்று சில ஆலோசனைக்காரர் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். எனக்கு உடன்பாடில்லை. எடுப்பதும் வைப்பதும் அந்தத் தாயின் விருப்பம். எந்த இடத்தில் வைப்பது என்பதைப் பற்றி மட்டும் பேசலாம். ஒரு வீட்டில் படத்தை வாசலுக்கு நேர் எதிரே மாட்டியிருந்தார்கள். வருகிறவர் எல்லோரும் முதலில் படத்தைப் பார்த்து, பிறகு வீட்டுக்காரியைப் பார்த்து, அதே கேள்வியைக் கேட்பார்கள். அவருடைய மகள் படத்தை வாங்கின் பக்கச் சுவருக்கு மாற்றினாள். அங்கே சுவர் மணல் நிறம், சட்டம் தும்பு நிறம். இப்போது தாய் இருந்து நூல் கோர்க்கும்போது படம் தோளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வாசலில் நிற்பவருக்குத் தெரியாது. "மகன் இப்ப என்னோட இருக்கான், ஆக்களுக்குக் காட்டிறதுக்கு இல்ல" என்றார் அந்தத் தாய்.

செலவுக் கணக்கு. பத்தடிக்குப் பன்னிரண்டடி ஹோல், சுவர் உயரம் பத்தடி என்றால் நாலு சுவரும் 440 சதுர அடி. கதவு ஜன்னலுக்கு 80 கழித்தால் 360. இரண்டு தடவை பூச 720. எமல்ஷன் பெயின்ற் ஒரு லீற்றர் ஏறத்தாழ 100 சதுர அடிக்குக் காணும் என்று வைத்தால் 7 லீற்றர் அளவில் தேவை. கணக்கை நீங்களே கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு விலை ஏறிய ஏற்றத்தில், பெயின்ரர் சொல்லும் கணக்குக்கு வாங்கினால் ஒரு டின் மிஞ்சிப் பழுதாகும்.

தீபாவளிக்கு முதல் நாள்வரை வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். ஐப்பசி பிறந்தால் மழை, ஈரச் சுவரில் எதுவும் பிடிக்காது. மாசி தொடங்கி ஆவணி வரைக்கும் நல்ல காலம். நோன்புப் பெருநாளுக்குப் பூசும் வீடுகள் அந்தந்த வருடத்துக் கலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள், பெருநாள் மழைக் காலத்திலும் வரும்.

அடுத்த இதழில் கிணற்றடி.